பேசும் மொழி ஒன்று, பதியும் மொழி இன்னொன்று: மொரீசியஸ் தீவின் கதை



கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன பாடத்தை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். எஹலேபொலவின் கதை வந்தது. மன்னரைக் கவிழ்க்க ஆங்கிலேயருக்குக் கை கொடுத்த மனிதர். அதே ஆங்கிலேயர் அவரை 1825 இல் மொரீசியஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1829 இல் அங்கேயே இறந்தார், கல்லறையும் அங்கேதான் இருக்கிறது என்று சொல்லி முடித்தோம். பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினான்.

"சேர், அங்க என்ன பாஷ பேசுவாங்க? அவருக்கு வெளங்கியிருக்குமா?"

"பிரெஞ்சு" என்றோம். பக்கத்தில் இருந்தவன் விடவில்லை. "இங்கிலிஸ்காரன்ட நாடுதானே சேர், அப்ப இங்கிலிஸ்தானே?" என்றான். "ரெண்டும்தான்" என்று சமாளித்தோம். நல்ல நேரம், மணி அடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. ஆசிரியர் கலாசாலையில் இருந்த காலத்தில், பிள்ளையின் வீட்டு மொழியும் பாடசாலை மொழியும் வேறுவேறாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணமாக இந்தத் தீவைப் பற்றிப் படித்திருக்கிறோம். படித்ததை மறந்து பிழையான பதிலைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒரே ஒரு சொல்: கிரியோல். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒரு நாட்டின் அரசியல் முழுவதும் இருக்கிறது. நமது சமூகம் யோசித்துப் பார்க்க வேண்டிய ஒரு விடயமும் அதற்குள் இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

மொரீசியஸ், மடகஸ்காருக்குக் கிழக்கே சுமார் 800 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. நாடு முழுவதையும் சேர்த்தாலும் நமது அம்பாறை மாவட்டத்தில் பாதி வராது. சனத்தொகை 12 இலட்சத்துக்கு மேல். இந்தத் தீவுக்கு ஆதிவாசிகள் கிடையாது. நமது நாட்டில் "யார் முதலில் வந்தது" என்று சண்டை பிடிப்பது போல அங்கே பிடிக்க முடியாது, எல்லோருமே கப்பலில் வந்தவர்கள்தான் என்று நினைப்பீர்கள். அங்கேயும் பிடிக்கிறார்கள். அதற்குப் பிறகு வருவோம்.

ஒல்லாந்தர் முதலில் குடியேறினார்கள். டோடோ பறவை அழிந்தது அவர்கள் காலத்தில்தான். 1710 இல் தீவையே விட்டுவிட்டுப் போனார்கள். 1715 இல் பிரெஞ்சுக்காரர் வந்தார்கள். அவர்கள் மடகஸ்காரிலிருந்தும் கிழக்காபிரிக்காவிலிருந்தும் ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகக் கொண்டு வந்து இறக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தாய்மொழி. ஒரே தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச முடியாது. எசமானிடம் காதில் விழுந்த பிரெஞ்சுச் சொற்களை எடுத்து, தங்களுக்கு வசதியான முறையில் அடுக்கிப் பேசத் தொடங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அதுவே தாய்மொழியாகிவிட்டது. இப்படிப் பிறந்ததுதான் கிரியோல்.

இது நமக்குப் புதிய சங்கதி அல்ல. மட்டக்களப்புப் பறங்கியர் சிலரின் வீடுகளில் இன்றும் பேசப்படும் போர்த்துக்கேய மொழி இதே வகையைச் சேர்ந்ததுதான்.

கிரியோலைப் "பிழையான பிரெஞ்சு" என்று சொல்வோர் உண்டு. அது சரியில்லை. பிரெஞ்சில் தண்ணீரைச் சொல்லும்போது முன்னால் ஒரு சிறு சொல் சேரும். கேட்டவர்கள் அதையும் சேர்த்து ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் "திலோ" ஆனது. பாண் "திபேன்" ஆனது. வீடு "லகாஸ்" ஆனது. "மொ பே அல் லகாஸ்" என்றால் "நான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்". பிரெஞ்சில் ஆளுக்கு ஆள் வினைச்சொல் மாறும். இதில் மாறாது, "பே" என்ற ஒரு சிறு சொல்லே "போய்க்கொண்டிருக்கிறேன்" என்ற பொருளைக் கொடுத்துவிடும். இதற்கும் ஒழுங்கான இலக்கணம் இருக்கிறது. நமது ஆக்கள் போன பாதையும் அந்த மொழியில் தெரியும். முருங்கை இலைக்கு அவர்கள் சொல்வது "ப்ரெட் மூரூம்". கறிவேப்பிலை "கரிப்புலே". யாரோ ஒரு தமிழ்த் தாய் அங்கே சட்டி வைத்துக் கறி ஆக்கியிருக்கிறாள்!

1810 இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளிடம், உங்கள் மதம், சட்டம், வழக்கம் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வழக்கம் என்றால் மொழியும் அதற்குள் அடக்கம் என்று முதலாளிமார் எடுத்துக்கொண்டார்கள். பிறகு கந்தோரும் மேல் நீதிமன்றமும் பாடசாலையும் ஆங்கிலமாகின. பத்திரிகையும் பணக்கார வீடுகளும் பிரெஞ்சிலேயே இருந்தன. தெருவிலும் கரும்புத் தோட்டத்திலும் கிரியோல். இன்றைக்கும் ஏறக்குறைய அதே நிலைதான்.

அந்தக் கிரியோலில் எழுதி அச்சான முதல் நூல்களில் ஒன்று, பிரான்சுவா கிரெத்தியான் என்பவருடையது, 1822 இல் வந்தது. எஹலேபொல போய் இறங்கியது அதற்கு மூன்று வருடம் கழித்து. அவர் காதில் முதலில் விழுந்த மொழியும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அவர் அங்கே இருந்த காலத்தில் அடிமை முறை இன்னும் ஒழியவில்லை. 1835 பெப்ரவரி 1 ஆம் திகதிதான் ஒழிந்தது. நட்டஈடாக 20 இலட்சம் பவுணுக்கு மேல் கொடுக்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அடிமையாக இருந்தவருக்கு ஒரு சதமும் இல்லை. தோட்ட வேலைக்கு ஆள் வேண்டுமே! 1834 இலிருந்து இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். 1910 வரையில் சுமார் நான்கரை இலட்சம் பேர். 1861 ஆகும்போது தீவில் மூவரில் இருவர் இந்தியர். அதிகமானோர் பீகார்ப் பக்கத்தவர், அவர்கள் பேசியது போஜ்புரி. தமிழர், தெலுங்கர், மராத்தியரும் வந்தார்கள். முஸ்லிம்களும் அதற்குள் கணிசமாக இருந்தார்கள்.

முஸ்லிம்களின் வரலாற்றைக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். கூலிக் கப்பல் வருவதற்கு முன்பே, பிரெஞ்சுக்காரர் காலத்தில், கப்பலோட்டிகளாக வந்த லஸ்கர்கள் போர்ட் லூயிஸ் நகரில் குடியிருந்தார்கள். அவர்கள் இருந்த பகுதிக்கே லஸ்கர் முகாம் என்று பெயர். தீவின் முதல் பள்ளிவாசல் 1805 இல் அங்கேதான் எழுந்தது. பின்னர் குஜராத், கச்சுப் பக்கத்து வியாபாரிகள் வந்தார்கள். நகரின் நடுவில் நிற்கும் ஜும்ஆப் பள்ளி அவர்கள் கட்டியது. ஆனால் முஸ்லிம்களில் பெரும்பான்மை இந்த வியாபாரிகள் அல்லர். கரும்பு வெட்ட வந்த கூலிகளின் பிள்ளைகள்தான். அவர்களின் உம்மும்மாமார் பேசியதும் பக்கத்து வீட்டு இந்துப் பெண் பேசிய அதே போஜ்புரிதான். காலப்போக்கில் எல்லோரும் கிரியோலுக்கு வந்துவிட்டார்கள். முஸ்லிமும், இந்துவும், தமிழரும், சீனரும், ஆபிரிக்க வம்சாவளியினரும். 2022 குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 90 பேர் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள்.

நூற்றுக்கு 90 பேர் ஒரே மொழி பேசும் நாட்டில் மொழிப் பிரச்சினை எங்கிருந்து வரும்? நமக்கும் அப்படித்தான் தோன்றியது.

சுதந்திரத்திலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. 1967 தேர்தலில் 44 வீதமளவிலானோர் சுதந்திரத்தை எதிர்த்த கட்சிக்கே வாக்களித்தார்கள். இந்துப் பெரும்பான்மை நம்மை விழுங்கிவிடும் என்ற பயம். 1968 ஜனவரியில் போர்ட் லூயிஸில் முஸ்லிம்களுக்கும் கிரியோல் மக்களுக்கும் இடையே இரத்தம் சிந்திய கலவரம். பிரித்தானியத் துருப்புகள் வந்து இறங்க வேண்டியிருந்தது. அந்தச் சூட்டோடுதான் 1968 மார்ச் 12 ஆம் திகதி சுதந்திரம் கிடைத்தது.

(ஒரு விளக்கம்: கிரியோல் என்பது மொழியின் பெயர். ஆபிரிக்க, மடகஸ்கார் அடிமைகளின் வழிவந்த கத்தோலிக்க மக்களையும் அங்கே அதே பெயரால்தான் அழைப்பார்கள். குழம்ப வேண்டாம்.)

சிறுபான்மையினரின் பயத்தைத் தணிக்க அரசியலமைப்பில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். மக்கள் தெரிவு செய்யும் 62 ஆசனங்களுக்கு மேல் 8 ஆசனங்கள். தேர்தலில் தோற்றவர்களிலிருந்து, எந்தச் சமூகத்துக்குப் பிரதிநிதித்துவம் குறைந்ததோ அந்தச் சமூகத்தவருக்குக் கொடுப்பது. "பெஸ்ட் லூசர்" முறை என்று பெயர். அதற்காக மக்களை நான்காகப் பிரித்தார்கள்: இந்து, முஸ்லிம், சீனர், பொது மக்கள். ஒருவர் எந்தப் பிரிவு என்பதை அவருடைய "வாழ்க்கை முறை" பார்த்துத் தீர்மானிப்பதாம். முதல் மூன்றிலும் அடங்காத யாரும் பொது மக்கள். வெள்ளைத் தோட்ட முதலாளியும், அவனுடைய பாட்டனிடம் அடிமையாக இருந்தவரின் பேரனும் ஒரே பிரிவில்! பெயரே இல்லாத பிரிவு அது.

இதில் முஸ்லிம்களுக்கு நன்மை இருந்ததை மறுக்கக் கூடாது. நூற்றுக்கு 17 பேரளவில் இருக்கும் சமூகத்துக்கு அந்த ஆசனங்கள் ஒரு பாதுகாப்புத்தான். நமது நாட்டில் விகிதாசார முறையை மாற்றுவோம் என்று கதை எழும்பும் போதெல்லாம் நமக்கு வயிற்றைக் கலக்குவது ஏன் என்று யோசித்தால் அவர்களின் பயமும் விளங்கும்.

ஆனால் கணக்கு வேண்டுமே. ஆசனம் பங்கிட எத்தனை பேர் எந்தச் சமூகம் என்று எண்ண வேண்டும். 1972 குடிசன மதிப்பீட்டில்தான் கடைசியாகச் சமூகம் கேட்கப்பட்டது. 1982 இல் அந்தக் கேள்வியை நீக்கிவிட்டார்கள், இனிமேல் எல்லோரும் மொரீசியர் என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் 8 ஆசனத்தை நீக்கவில்லை. 1972 எண்ணிக்கையை வைத்தே பங்கிட்டுக்கொண்டு போனார்கள். 2012 இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு, அவ்வளவு பழைய கணக்கை வைத்துக்கொண்டு வேட்பாளரிடம் சமூகத்தைச் சொல்லு என்று கட்டாயப்படுத்துவது பிழை என்று சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள்.

குடிசன மதிப்பீட்டில் சமூகம் என்ற கேள்வி போனது. மதமும் மொழியும் இருந்தன. மொழிக்கு இரண்டு கேள்விகள். ஒன்று, வீட்டில் பேசும் மொழி. மற்றது, முன்னோரின் மொழி. நாம் யார், எத்தனை பேர் என்று காட்ட இடமில்லாமல் போன சமூகங்கள் எல்லாம் அந்த இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டன. ஒவ்வொரு மதிப்பீட்டுக்கு முன்பும் சங்கங்கள் பிரசாரம் செய்யும்: எங்கள் மொழியைப் பதியுங்கள், எண்ணிக்கை குறைந்தால் உரிமை குறையும். வீட்டில் ஒரு சொல்லும் பேசாத மொழியை இலட்சக்கணக்கானோர் தமது மொழி என்று பதிந்தார்கள். பேசுவது கிரியோல், பதிவது ஹிந்தி. பேசுவது கிரியோல், பதிவது தமிழ்.

முஸ்லிம்கள் உருது என்று பதிந்தார்கள். போஜ்புரி பேசிய கூலியின் பேரனும், குஜராத்தி பேசிய வியாபாரியின் பேரனும் உருது என்றார்கள். மார்க்கக் கல்வி உருதுவில் இருந்தது, மௌலவிமார் உருதுவில் படித்து வந்தவர்கள், ஆகவே அது "முஸ்லிம்களின் மொழி" ஆகிவிட்டது. சரி. 1983 மதிப்பீடு வந்தது. பல்லாயிரக்கணக்கான முஸ்லிம்கள் முன்னோரின் மொழி என்ற இடத்தில் "அரபு" என்று எழுதினார்கள். அந்தத் தீவுக்கு அரபு நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த பெரிய கூட்டம் என்று ஒன்று கிடையாது. எழுதியவர்களுக்கும் அது தெரியும். எழுபதுகளில் இஸ்லாமிய எழுச்சி பரவிய காலம், பாடசாலையில் அரபும் படிக்கத் தொடங்கிய காலம். உருது என்றால் இந்தியத் துணைக்கண்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள், அரபு என்றால் நாம் தனி. அதுதான் காரணம். 1990 மதிப்பீட்டில் அரபு வெகுவாகக் குறைந்து மறுபடியும் உருது மேலே வந்தது.

ஏழு வருடத்தில் ஒரு சமூகத்தின் முன்னோர் மாறிவிட்டார்கள்.

இதை வாசித்துவிட்டு நாம் சிரிக்க முடியாது. 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர் என்று எழுதினார். அவர்கள் பேசுவது தமிழ் என்பது அவருடைய முக்கியமான ஆதாரம். சட்டசபையில் சோனகருக்குத் தனிப் பிரதிநிதி வேண்டும் என்ற பேச்சு இருந்த காலம் அது, 1889 இல் அந்த ஆசனம் கிடைத்தது. 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் மறுத்து ஒரு நூலே எழுதினார். மொழி வேறு, இனம் வேறு என்று அவர் வாதாடினார். அவர் வாதாடியிராவிட்டால் நமது நிலை என்னவாகியிருக்கும் என்பது வேறு விடயம். நாம் சொல்ல வருவது, அரேபிய முன்னோர் என்ற பேச்சு நம்மிடம் எந்த நேரத்தில் உரக்க எழும்பியது, எந்த ஆசனத்துக்காக எழும்பியது என்று பார்த்தால், மொரீசியஸ் முஸ்லிம்கள் எமது சொந்தக்காரர் போலத் தெரிவார்கள். வித்தியாசம் ஒன்று உண்டு. நாம் என்ன சொன்னாலும் தமிழைக் கைவிடவில்லை. குர்ஆன் விளக்கத்தைத் தமிழில் எழுதினோம், அரபு எழுத்தை எடுத்து அதில் தமிழை எழுதினோம். அவர்களும் மௌலித் மஜ்லிஸில் உருது நஃதைப் பாடிவிட்டு, விளக்கத்தைக் கிரியோலில்தான் சொல்கிறார்கள். ஆனால் படிவத்தில் மட்டும் அந்தக் கிரியோல் "முன்னோரின் மொழி" ஆவதில்லை.

தமிழர் கதையும் இதேதான். இந்துக்களோடு தம்மைச் சேர்க்காமல், தமிழர் என்று தனியாக நிற்பவர்கள் அவர்கள். கூலிகளுக்கு நூறு வருடம் முன்பே, லா பூர்தொனே ஆளுநராக இருந்த 1730 களில், புதுச்சேரியிலிருந்து மேசன்களாகவும் தச்சர்களாகவும் வந்து போர்ட் லூயிஸ் நகரைக் கட்டியவர்களில் தமிழர் உண்டு. அதனால் நாணயத்தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதன் கீழே ஹிந்தி என்று இருந்தது. 1998 இல் புதிய தாள்கள் வந்தபோது ஹிந்தி மேலே போய் தமிழ் கீழே வந்துவிட்டது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசாங்கம் அந்தத் தாள்களையே மீளப்பெற்று பழைய ஒழுங்கில் மறுபடியும் அச்சடித்தது. முதலில் வந்தது யார் என்ற சண்டை அங்கேயும் உண்டு என்றோமே, இதுதான். அந்தத் தாளைக் கையில் வைத்துச் சண்டை பிடித்தவர்களும் சண்டை பிடித்தது கிரியோலில். அந்தத் தாளில் கிரியோலுக்கு ஒரு வரியும் இல்லை.

எல்லோருடைய மொழியையும் யாரும் சொந்தம் கொண்டாடவில்லையா என்று கேட்பீர்கள். கொண்டாடினார்கள். தேவ் விராசாமி என்று ஒருவர், தெலுங்கு வம்சாவளி, மொழியியல் படித்தவர். சுதந்திரத்துக்கு முந்திய வருடம், 1967 இல், பத்திரிகையில் தொடராக எழுதினார்: கிரியோல்தான் நமது தேசிய மொழி, அதற்கு "மொரீசியேன்" என்று பெயர் வைப்போம். பிறகு 1969 இல் போல் பெரஞ்சே முதலானோரோடு சேர்ந்து எம்.எம்.எம். கட்சியைத் தொடங்கினார். இனம் பார்க்காமல் தொழிலாளரைச் சேர்த்த கட்சி. அவசரகாலச் சட்டத்தில் 1972 இல் சிறைக்கும் போனார். ஷேக்ஸ்பியரைக் கிரியோலில் கொண்டுவந்தார். 2023 இல் மரணிக்கும் வரைக்கும் அந்த மொழிக்காகவே எழுதினார்.

1982 தேர்தலில் எம்.எம்.எம். கூட்டணி பிரதான தீவின் 60 ஆசனங்களையும் அள்ளியது. எதிர்க்கட்சிக்கு நேரடியாக ஒரு ஆசனமும் இல்லை. 1983 மார்ச் 12, சுதந்திர தினம். அரச தொலைக்காட்சியில் தேசிய கீதம் கிரியோலில் ஒலித்தது. நாட்டில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு அன்றுதான் முதன்முதலாகத் தேசிய கீதம் விளங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள், அசல் கீதம் ஆங்கிலத்தில்! ஆனால் விளங்கியதில் யாரும் சந்தோசப்படவில்லை. எங்கள் ஹிந்தியை, உருதை, தமிழை அழிக்கப் பார்க்கிறார்கள் என்று ஒரு பக்கம். அடிமைகளின் பேச்சைத் தேசிய கீதமாக்குவதா என்று இன்னொரு பக்கம். பொருளாதாரக் கொள்கையிலும் பிளவு இருந்தது. அதே மாதம் அரசாங்கம் உடைந்தது. ஒரு வருடம்கூட நிற்கவில்லை.

பிரதமர் அனிருத் ஜக்நாத் புதிய கட்சியோடு தப்பித்துக்கொண்டார். ஆனால் 1995 இல் அவரையும் மொழிதான் கவிழ்த்தது. ஆரம்பப் பாடசாலை முடிவில் அங்கே ஒரு பரீட்சை இருந்தது, நமது தரம் 5 புலமைப்பரிசில் போல. அதில் எடுக்கும் நிலையை வைத்துத்தான் நல்ல பாடசாலை கிடைக்கும். ஹிந்தி, உருது, தமிழ் போன்ற கீழைத்தேய மொழிப் பாடங்களின் புள்ளியையும் அந்தத் தரப்படுத்தலில் சேர்க்க வேண்டும் என்று ஜக்நாத் அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்தார். இந்துப் பிள்ளைக்கு ஹிந்தி இருக்கிறது, முஸ்லிம் பிள்ளைக்கு உருதும் அரபும் இருக்கிறது. கிரியோல் பிள்ளைக்கு? அவனுடைய முன்னோரின் மொழி எது என்று யாருக்கும் தெரியாது, கப்பலில் ஏற்றும்போதே அது போய்விட்டது. அவனுக்கு மிஞ்சிய ஒரே மொழி கிரியோல். அது பாடமே இல்லை. திருத்தம் தோற்றது, பாராளுமன்றம் கலைந்தது, தேர்தலில் இந்த முறை 60 ஆசனங்களும் எதிரணிக்குப் போயின.

ஆசிரியராக எமக்கு இந்த முழுக்கதையிலும் மனசில் தைத்த இடம் இதுதான். 1993 இல் ரொஜே செர்வோ என்ற கத்தோலிக்கப் பாதிரியார் "கிரியோல் மக்களின் வேதனை" பற்றிப் பகிரங்கமாகப் பேசினார். நாட்டில் சீனித் தொழிலும் ஆடைத் தொழிலும் சுற்றுலாவும் கொழித்த காலம். இந்தப் பிள்ளைகள் மட்டும் பரீட்சையில் தோற்று வெளியேறிக்கொண்டிருந்தார்கள். விளங்கப்படுத்துவது கிரியோலில், பாடப் புத்தகம் ஆங்கிலத்தில், பரீட்சையும் ஆங்கிலத்தில். 1999 பெப்ரவரியில் காயா என்ற கிரியோல் பாடகர் பொலிஸ் தடுப்பில் இறந்தார். தீவு பல நாட்கள் பற்றி எரிந்தது. அந்த நெருப்புக்குக் காரணம் ஒரு மரணம் மட்டுமல்ல.

மற்றப் பக்கத்தில் சிலர் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். லெதிகாசியோன் பு திராவாயேர் என்ற அமைப்பு எழுபதுகளிலிருந்து வளர்ந்தோருக்குக் கிரியோலில் எழுத்தறிவு வகுப்பு நடத்தியது, அகராதியும் வெளியிட்டது. 2004 இல் எல்லோரும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஓர் எழுத்துமுறை தயாரானது. கடைசியில் 2012 ஜனவரியில், முதலாம் வகுப்பில், விரும்பினால் எடுக்கக்கூடிய பாடமாகக் கிரியோல் வந்தது. அதிலும் ஒரு கொக்கி. ஹிந்தி, உருது, தமிழ் இருந்த அதே வரிசையில் அதையும் வைத்தார்கள். ஒன்றைத்தான் எடுக்கலாம். ஆகவே உருது எடுக்கும் முஸ்லிம் பிள்ளைக்குத் தான் வீட்டில் பேசும் மொழியைப் படிக்க வாய்ப்பில்லை. எல்லோருடைய மொழியும் மறுபடியும் ஒரு சமூகத்தின் மொழி போல ஒதுங்கிவிட்டது. எமக்கு இது சரியாகப் படவில்லை. ஆனாலும் எதுவும் இல்லாமல் இருந்ததற்கு, ஒரு பிள்ளை தன் உம்மாவின் பேச்சை முதன்முதலாகப் புத்தகத்தில் பார்த்தது பெரிய விடயம்தான்.

இந்த வாரம் வகுப்பில் போய், போன வாரம் சொன்னது பிழை என்று சொன்னோம். கதையைச் சுருக்கிச் சொன்னோம். கேள்வி கேட்ட அதே பிள்ளை எழும்பினான்.

"அப்ப சேர், அந்த ஊர் முஸ்லிம் புள்ளைகள் உம்மாவோட என்ன பாஷைல சண்ட புடிக்கும்?"

"கிரியோல்ல."

"போர்ம்ல எழுதுற?"

"உருது."

"சோதின?"

"இங்கிலிஸ்."

கொஞ்ச நேரம் யோசித்தான். "பேப்பர் பாக்குற?" என்று கேட்டான். "பிரெஞ்சு" என்றோம். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "நல்லகாலம் சேர், எங்களுக்கு ஒண்டோட முடிஞ்சிட்டு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். இடைவேளையில் குழாயடிப் பக்கம் போனபோது நாலைந்து பேர் "திலோ, திலோ" என்று கத்திக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.